தலைவர் இப்படிச் சொல்ல மாட்டார்

என் கணவரைத் தூதர் பதவிக்குக் குடியரசுத் தலைவர் முன்மொழிந்திருக்கிறார் என்ற செய்தி முதலில் என் மேசைக்குத்தான் வந்தது. ஆழித்தீவின் வெளியுறவுத் துறையில் நியமனப் பிரிவைப் பார்த்துக்கொள்பவள் நான். யாருக்குப் பதவி வந்தாலும் போனாலும் எனக்குத் தெரியாமல் நடக்காது. வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த நிமிடமே ஆபீஸ் முழுக்க இனிப்பு கொடுத்திருப்பாள். நான் கதவைச் சாத்திவிட்டு மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் கணவர் சிற்றரசு இருபது வருடங்களுக்கு மேல் இந்தத் துறையில் மாடாய் உழைத்தவர். அவர் எழுதிக்கொடுத்த உரைகளைப் படித்தே சிலர் பெரிய மனிதர்களானார்கள். தூதர் இடம் ஒன்று காலியாகும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடும். கடைசியில் யாராவது ஒரு அமைச்சரின் மைத்துனர் விமானம் ஏறுவார். இவர் விமான நிலையம் வரை போய்ச் சால்வை போட்டு வழியனுப்பிவிட்டு வந்து, அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு வடபுலம் போன்ற பெரிய நாட்டுக்கான தூதர் பதவி வந்திருக்கிறது. நான் பயந்தது பதவியைப் பார்த்து அல்ல, அதோடு வரும் முத்திரையைப் பார்த்து.

முத்திரை எப்படி வந்தது என்று எங்கள் நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் குடியரசுத் தலைவர் திருமேனி தொலைக்காட்சியில் தோன்றி, கிழக்குக் கடலின் மீன்பிடி எல்லையை அண்டை நாட்டுக்கு விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். அவர் முகம், அவர் குரல், அவர் கையொப்பம். ஆனால் எதுவும் அவருடையது அல்ல. யாரோ எங்கோ உட்கார்ந்து இயந்திரத்தில் செய்த போலி. அது போலி என்று தெரிவதற்குள் அண்டை நாட்டுக் கப்பல்கள் வந்துவிட்டன, எங்கள் படகுகள் எரிந்தன, கடலுக்குப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு தலைவர் ஒரு சட்டம் போட்டார். முகமும் குரலும் கையொப்பமும் இனிச் சான்று ஆகாது. தலைவர் எப்படி யோசிப்பார் என்பது மட்டுமே சான்று. அந்த யோசிக்கும் முறையை அவர் மூளையிலிருந்து பதிவு செய்து, உளுந்தளவு வில்லை ஒன்றில் அடைத்து, ஒவ்வொரு தூதரின் காதுக்குப் பின்னாலும் வைத்தார்கள். அதுதான் முத்திரை. ஓர் ஆணை தலைவருடையதுதானா என்று சந்தேகம் வந்தால் முத்திரை உள்ளவரிடம் காட்டினால் போதும். அவர் ஆம் என்றால் ஆம். இல்லை என்றால் போலி.

உலகமே பாராட்டியது. எங்கள் தூதர் ஒன்று சொன்னால் தலைவரே எதிரில் உட்கார்ந்து சொன்னதாக மற்ற நாடுகள் நம்பின. எங்களைப் போன்ற குட்டி நாட்டுக்கு அது பெரிய மரியாதை. நானும் அப்போது பெருமைப்பட்டவள்தான், பொய் சொல்லக் கூடாது.

ஆனால் போன குடியரசு நாள் தேநீர் விருந்து என் கண்ணை விட்டுப் போகவில்லை. விடுமுறையில் வந்திருந்த தூதர்களும், பதவி முடிந்து முத்திரையை எடுத்துவிட்ட பழைய தூதர்களுமாகக் கூடம் நிறைய நின்றார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. எல்லாரும் எல்லாரையும் பார்த்து அன்பாகச் சிரித்தபடி நின்றார்கள். ஒரு பீங்கான் தட்டு கீழே விழுந்து உடைந்தது. அத்தனை தலைகளும் ஒரே பக்கமாகத் திரும்பின. அத்தனை பேரும் “பரவாயில்லை” என்றார்கள், ஒரே குரலில், பிசிறில்லாமல். பிறகு மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருத்தி என் தோழி குணவதி. கல்லூரி நாளிலிருந்து வாய் ஓயாதவள். பரீட்சை அறையிலேயே பேசி வெளியே அனுப்பப்பட்டவள். அவளைத் தனியே இழுத்து, ஏன் யாரோடும் பேசாமல் நிற்கிறாய் என்று கேட்டேன்.

“எதுக்குப் பேசணும் கனகா? அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். நான் என்ன சொல்வேன்னு அவங்களுக்குத் தெரியும்,” என்றாள்.

அவள் முத்திரையை எடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சிற்றரசு அன்று சாயங்காலம் வஞ்சிர மீனும் கையுமாக வீட்டுக்கு வந்தார். தானே கழுவி, தானே மசாலா தடவி, அடுப்படியில் பாட்டு வேறு. நான் என் பயத்தைச் சொன்னபோது சிரித்தார்.

“ரிமோட்ல நடக்கற பொம்மைன்னு நெனச்சியா? அதெல்லாம் இல்ல, வெச்சுக்கிட்டவங்ககிட்டயே கேட்டுட்டேன். பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருக்கற மாதிரி, அவ்வளவுதான். ஒரு விஷயம் வந்தா அவர் என்ன சொல்வார்னு உடனே தோணும். கேக்கறதும் கேக்காததும் என் இஷ்டம்.”

“அப்போ குணவதிக்கு ஏன் அந்த இஷ்டம் இல்லாமப் போச்சு?”

“கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பா. ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதே சரியா இருந்தா, அப்புறம் தனியா எதுக்கு மண்டையை உடைச்சுக்கணும்? நான் அப்படி இல்ல கனகா. இத்தனை வருஷம் எவன் சொன்னதுக்கும் நான் தலையாட்டினதில்ல. அதனாலதான் எனக்குப் பதவியே வரலை.”

அது உண்மைதான். அந்தத் தலையாட்டாத குணத்துக்காகத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அதை இழக்க எனக்கு மனம் இல்லை. வடபுலம் என்ன, சொர்க்கத்துக்கே தூதராகப் போட்டாலும் சரி.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவரைத் தூதராக அனுப்பும் முன், அவரை ஏற்றுக்கொள்வீர்களா என்று அந்த நாட்டுக்கு ரகசியமாகக் கடிதம் எழுதிக் கேட்போம். அவர்களுக்குப் பிடித்திருந்தால் ஒப்புதல் வரும். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பதிலே போட மாட்டார்கள். சில மாதம் பார்த்துவிட்டு நாங்களும் புரிந்துகொண்டு வேறு பெயரை எடுப்போம். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. கேட்பது அநாகரிகம். எத்தனையோ பெரிய மனிதர்களின் கனவு இப்படிச் சத்தமில்லாமல் முடிந்ததை என் கையாலேயே கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன்.

அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டியவள் நான். அனுப்பவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராவிட்டால் வடபுலத்துக்கு இவரைப் பிடிக்கவில்லை என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். அவருக்குக் கொஞ்ச நாள் மனக்கசப்பு இருக்கும், பிறகு தெளிந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். செய்தது பச்சைத் துரோகம். வேலை போகும், சிறையும் உண்டு. தெரிந்துதான் செய்தேன்.

இதற்கிடையில் நாடாளுமன்றத்தின் தகுதி விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. அதில் இருப்பவர்கள் எல்லாம் பழைய தூதர்கள். ஒருவர் மட்டும்தான் கேள்வி கேட்டாராம், மற்றவர்கள் அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே தலையசைத்தார்களாம். நல்ல ஒற்றுமையான குழு என்று சிற்றரசு வந்து சொன்னார்.

ஒரு நாள் முற்பகலில் வெளியுறவுச் செயலர் ஹமீது ஜலாலுதீன் என்னை அறைக்கு அழைத்தார். நல்ல மனிதர். சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குபவர் என்று நாங்கள் கேலி செய்வோம். உட்காரச் சொன்னார். வடபுலத்திலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது என்றார்.

எந்தக் கடிதத்துக்கு ஒப்புதல் என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

“அதைத்தான் நானும் கேக்கறேன் கனகவல்லி மேடம். நம்ம கடிதத்தோட நகலைக் காணோம். அவங்க பதில்லயும் நம்ம கடித எண் இல்ல.”

இப்போது வடபுலத்தில் இருக்கும் நம் தூதரிடம் அவர் விசாரித்திருந்தார். அந்தத் தூதர் தொலைபேசியில் சொன்ன பதிலை எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார். தலைவர் இவரைத்தான் விரும்புவார் என்று தெரியும், கடிதம் வந்துகொண்டிருக்கும் என்றும் தெரியும், எனவே காத்திராமல் நானே நேரில் கேட்டு வாங்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தார். சொன்ன குரலில் ஒரு பெருமையோ சந்தேகமோ இல்லையாம். மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னாராம்.

கடிதம் ஏன் போகவில்லை என்று பதவியேற்பு நாளன்று விசாரிக்க வேண்டியிருக்கும் என்றார் ஹமீது. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது.

இனி ஒரே வழிதான் இருந்தது. முன்மொழிந்தவரே பெயரைத் திரும்பப் பெற வேண்டும். நான் நேராகக் குடியரசுத் தலைவரிடம் போனேன்.

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் அவர் மாளிகை. முன்பெல்லாம் வாசலில் கார்கள் வரிசைகட்டி நிற்கும்; உள்ளே நுழைய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று காவலர் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வரவேற்பறையில் நாற்காலிகளின் மேல் உறை போட்டு வைத்திருந்தார்கள். தொலைபேசிகள் வரிசையாக இருந்தன, ஒன்றும் அடிக்கவில்லை. உள் அறையில் ஒரு வயதானவர் தனியாகக் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் அடித்துவிட்டு எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்து அடித்தார். திருமேனி என்று அடையாளம் தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வாம்மா. யாரும் வர்றதில்லையே இங்க,” என்றார்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கடிதத்தை அனுப்பாததையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, என் கணவர் பெயரை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“நான் அவரை முன்மொழியவே இல்லையேம்மா.”

யாரையுமே முன்மொழிந்து ரொம்ப காலம் ஆகிறது என்றார். ஓர் இடம் காலியானால் அமைச்சர்கள் தூதர்களிடம்தான் கேட்கிறார்களாம், தலைவர் யாரைச் சொல்வார் என்று. தூதர்கள் சொல்லிவிடுகிறார்கள். இவரிடம் கேட்டால் இவர் வேறு ஏதாவது சொல்லிவிடுகிறார். பிறகு இவர் சொன்னதைச் சரிபார்க்க மறுபடி தூதர்களிடம் போக வேண்டியிருக்கிறது. அதனால் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

“அதைப் பதிவு பண்ணினப்ப மூணாவது தடவை ஜெயிச்சிருந்தேன். எதுலயும் எனக்குச் சந்தேகமே வராது. அப்புறமாத்தான் படகு எரிஞ்ச வீடுகளுக்கு ஒவ்வொண்ணாப் போனேன். அந்தப் பொம்பளைங்க கேட்ட ஒரு கேள்விக்கும் என்கிட்ட பதில் இல்லம்மா. அன்னைக்கே நான் மாறிட்டேன். ஆனா அவங்க காதுக்குப் பின்னாடி இருக்கறவன் மாறலை. அவன் அப்படியேதான் இருக்கான்.”

அவர் பேசியதில் எனக்குப் பயமாக இருந்தது எது என்றால், அவன் என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்ததுதான். தன்னைத் தானே ஒட்டுக்கேட்பதுபோல் பயந்து பேசுகிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிற்றரசுவின் பெயரைத் திரும்பப் பெறுவதாக என் கண்ணெதிரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஹமீது படித்தார், பெருமூச்சு விட்டார், சட்டப்படி ஒருவரே போதும் என்றாலும் மூன்று நாடுகளில் இருக்கும் மூன்று தூதர்களைத் திரையில் அழைத்தார். மூவரும் படித்தார்கள். ஒருவர் முகத்தில்கூடக் கேள்வி இல்லை. கண் கடைசி வரியைத் தொட்ட உடனே பதில் வந்தது.

“தலைவர் இப்படிச் சொல்ல மாட்டார்.”

மூவரும் அதே சொற்களைச் சொன்னார்கள். அவர் எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன் என்று ஹமீதிடம் கெஞ்சினேன்.

“முகம் சான்று இல்லம்மா. அவரே போட்ட சட்டம்,” என்றார். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த எரிந்த படகுகளில் ஒன்றில் அவருடைய தம்பி இருந்தான். போலிக்கு இடம் கொடுக்கவே மாட்டார்.

மறுநாள் மறுபடியும் மாளிகைக்குப் போனேன். திருமேனிக்கு ஆச்சரியம் இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளைக் காட்டினார். எல்லாத் தூதர்களின் முத்திரையையும் எடுத்துவிட வேண்டும் என்ற ஆணை. பலமுறை அனுப்பிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் போலி என்று திரும்பி வந்திருக்கிறது.

“ஒரே ஒருத்தர் ஆமான்னு சொன்னாப் போதும்மா. புதுசா முத்திரை வைக்கறவங்கதான், பதவியேற்கற அன்னைக்கு, நிலுவையில கிடக்கற ஆணையெல்லாம் முதல்ல பாப்பாங்க. புது முத்திரைதான் சுத்தமா இருக்கும்னு ஒரு நம்பிக்கை. நான் ஆரம்பிச்சு வெச்ச வழக்கம்தான். உங்க வீட்டுக்காரர் தலையாட்டாத ஆளுன்னு சொன்னியே.”

நான் சிற்றரசுவிடம் சொன்னேன், கடிதத்தை மறைத்தது உட்பட. முதலில் என் மேல் கோபப்பட்டார். இப்படி என் காலை வாரிவிடப் பார்த்தாயே என்றார். அந்தக் கோபம் நியாயமானது, நான் வாங்கிக்கொண்டேன். பிறகு அவரே தலைவரைப் பார்க்க வேண்டும் என்றார். இருவரும் போனோம். கேரம் பலகையின் இருபுறமும் உட்கார்ந்து அவர்கள் மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். திருமேனி அடித்த காய் தப்பியபோதெல்லாம் இவர் அதை எடுத்து அவர் பக்கமே நகர்த்தி வைத்தார்.

திரும்பி வரும் வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பெரியவர் சொல்றதுதான் நியாயம் கனகா. நான் ஆமான்னு சொல்றேன். அன்னைக்கே எல்லார்கிட்டயும் முத்திரையை எடுத்துருவாங்க, என்கிட்டயும்தான். நான் என் மூளையோடயே தூதராப் போறேன். சத்தியமா சொல்றேன்.”

அவர் சத்தியம் செய்து மீறியதை நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து பதவியேற்பு நாள் வரை நன்றாகத் தூங்கினேன்.

பதவியேற்புக்கு முன்னதாகக் காலையில் அவரை மருத்துவப் பிரிவுக்குள் அழைத்துப் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டார். காதுக்குப் பின்னால் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. என்னைப் பார்த்ததும் சிரித்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். அது அவருடைய சிரிப்புதான். எனக்கு உயிர் வந்தது.

செயலர் அறையில் நாங்கள் நால்வர் மட்டும். ஹமீது தன் நாற்காலியில். திருமேனி ஜன்னலோரம், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நேர்முகத் தேர்வுக்கு வந்தவரைப் போல் நாற்காலி நுனியில். ஹமீது ஆணையை நீட்டினார். சிற்றரசு வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு முதலிலிருந்து மறுபடியும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று நான் மனத்துக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

“தலைவர் இப்படிச் சொல்ல மாட்டார்,” என்றார்.

திருமேனி எழுந்து நின்றார். “தம்பி, நான்தான் எழுதினேன். நீங்க வீட்டுக்கு வந்தீங்களே. உக்காந்து பேசினோமே.”

“நல்லா ஞாபகம் இருக்குங்க ஐயா. நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. இதைப் பயத்துல எழுதியிருக்கீங்க. திருமேனி பயத்துல எதையும் எழுத மாட்டார்.”

அன்பாகத்தான் சொன்னார். வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் அந்தப் பெயரைச் சொன்னார். பெரியவர் தாளை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, தான் எழுதியதை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“பயத்துலதான் எழுதினேன். வாஸ்தவம்தான்,” என்றார். என் பக்கம் திரும்பினார். “ஒருவேளை நான் எழுதலையோ என்னமோம்மா.”

அந்தத் தாளை மடித்து மேசை மேல் வைத்துவிட்டு, போகலாமா என்று ஹமீதிடம் கேட்டார். ஒரு நாட்டின் தலைவர் தன் செயலரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு அறையை விட்டுப் போவதைப் பார்த்தேன். கதவு வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தது என் கணவர்தான்.

என் கணவர் போய்விட்டார் என்று நினைத்தேன். அந்த உளுந்தளவு வில்லை அவரை விழுங்கிவிட்டது. எதிரில் நிற்பது அவர் உடம்பு மட்டும்தான்.

ஹமீது தொண்டையைச் செருமினார். இன்னொரு விஷயமும் நிலுவையில் இருக்கிறது என்றார். வடபுலத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதம் அனுப்பப்படவில்லை. பொறுப்பு அதிகாரி தெரிந்தே மறைத்ததாகத் தெரிகிறது. மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

சிற்றரசு மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

“கடிதம் வேண்டாம், வாய்மொழியா கேட்டாப் போதும்னு தலைவர் சொல்லியிருந்தார். இவங்க அதைத்தான் செஞ்சாங்க.”

“தலைவரே சொன்னாரா?” என்றார் ஹமீது.

“சொன்னார்.”

முத்திரை உள்ளவர் தலைவர் சொன்னதாகச் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஹமீது கோப்பை மூடினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. பாவம், என்னைச் சிறைக்கு அனுப்ப அவருக்கும் மனமில்லை.

சொன்னது முழுப் பொய். தலைவர் அப்படி எதுவும் சொல்லவில்லை, பழைய திருமேனியாக இருந்தால் சொல்லவும் மாட்டார். இதைவிடச் சின்னத் தப்புக்காகச் சொந்த மைத்துனரை வேலையை விட்டு அனுப்பியவர் அவர். முத்திரை வைத்த ஒருவர் தலைவர் பெயரால் பொய் சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படியானால் அந்தப் பொய் என் கணவருடையது. எனக்காகச் சொன்ன பொய். அவர் உள்ளேதான் இருக்கிறார், எங்கேயும் போகவில்லை.

சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது. கூடத்துக்கு நடந்து போகும்போது அவர் தோளை உரசிக்கொண்டே நடந்தேன். பதவியேற்பு உறுதிமொழியை அவர் கணீரென்று சொன்னார், எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பாதித் தட்டலில் என் கை நின்றுவிட்டது.

எனக்காகப் பொய் சொல்ல முடிந்தவருக்கு அந்தப் பெரியவருக்காக உண்மை சொல்ல முடியாதா? முடிந்திருக்கும். அந்தத் தாளைப் படித்துவிட்டு எவ்வளவு நேரம் சும்மா இருந்தார். மற்றவர்களுக்கு அந்த நேரம் தேவைப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து வேட்டி மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தவரிடம் நேரடியாகவே கேட்டேன், பெரியவருக்கு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று.

“நல்லா யோசிச்சுத்தான் சொன்னேன்.”

“யாரு யோசிச்சது?”

“நான்தான் கனகா. காதுக்குப் பின்னாடி இருக்கறவர் வேண்டாம்னுதான் சொன்னார். ஆனா அவரை மீறி ஆமான்னு சொல்லியிருக்கலாம், கஷ்டமே இல்ல. உனக்காக மீறினேனே. உள்ள எவ்வளவு தெளிவா இருக்கு தெரியுமா? இத்தனை வருஷம் எதைச் சொல்லணும்னாலும் தொண்டைக்குழி வரைக்கும் வந்து நின்னுரும். இவன் யாரு சொல்றதுக்குன்னு பாப்பாங்க. இப்ப நான் ஒண்ணு சொன்னா நாடே சொன்னதா அர்த்தம். இதைக் கழட்டிக் குடுத்துட்டு, மறுபடியும் சால்வை போட்டு வழியனுப்பற ஆளா நான் எதுக்கு இருக்கணும்?”

சத்தியம் செய்தீர்களே என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? இத்தனை நாளும் என் கணவர் இருக்கும் இடத்தில் வேறு ஒருவன் வந்து உட்கார்ந்துவிடுவான் என்று பயந்து, துறைக்குத் துரோகம் செய்து, கிழவரின் காலில் விழுந்து என்னென்னவோ செய்தேன். அப்படி யாரும் வரவில்லை. என் எதிரில் இருந்தவர் என் கணவர்தான், சோற்றைப் பிசைவதிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடிப்பது வரை. இவரோடுதான் இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறேன் என்பதுதான் இப்போது பயமாக இருந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்றார். வடபுலத்தில் தூதர் மாளிகை பெரியது, தோட்டம் உண்டு, உனக்குப் பிடிக்கும் என்றார். நான் வரவில்லை என்றேன். அங்கே மட்டுமல்ல, இனி எங்கேயும் உங்களோடு வரவில்லை என்றேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் தட்டைப் பார்த்தார். நான் காத்திருந்தேன்.

வெகுநேரம் யோசித்துவிட்டு, “சரி” என்றார்.